பட்டைக்குள் ஓடும் வாய்க்கால்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதியது)

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பற்றி நம் கிராமங்களில் அறியாதவர் எவரும் இலர். எந்த மதகு எப்பொழுது திறக்கும், எந்தக் கிளை வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, கடைமடைக்கு நீர் எட்டுமா என்பனவெல்லாம் குடியானவர் நாவில் நாள்தோறும் அடிபடும் செய்திகள். ஆனால் நாம் வளர்க்கும் ஒவ்வொரு பயிரின் உள்ளும், ஒவ்வொரு மரத்தின் பட்டைக்குள்ளும் மற்றொரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஓடுவது சர்க்கரை நீர். நெல்மணி பால் பிடிப்பதும், கரும்பு இனிப்பதும், கிழங்கு பருப்பதும், சாலையோரப் புளிய மரம் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பதும் அந்த வாய்க்காலால்தான். அதன் போக்கை அறிவது விவசாயிக்குப் பயன் தரும். பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கோ அது கடமையும் ஆகும். கடமை என்று கூறுவதன் காரணத்தை, என் அநுபவத்தில் நேர்ந்த ஒரு தவற்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

ஒரு புளிய மரம்

நான் இத்துறையில் பணியேற்ற புதிதில், ஓர் ஆனி மாதத்தில், சாலையோரத்துப் புளிய மரம் ஒன்றின் பட்டையை யாரோ உரித்துவிட்டதாக ஒரு கிராமத்திலிருந்து புகார் வந்தது. நேரில் சென்று பார்த்தேன். பேருந்துக்குக் காத்திருப்போருக்கெல்லாம் நிழல் தந்த பெரிய மரம் அது. இடுப்பளவு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, ஒட்டியாணம் பூட்டியதுபோல் மரத்தைச் சுற்றிலும் பட்டை முழுவதும் எடுக்கப்பட்டிருந்தது. செய்தவர் யார் என்று தெரியவில்லை. மரமோ பசுமை குன்றாமல் நின்றது. தழை வாடவில்லை, கொப்புகளில் பூவும் நிறைந்திருந்தது. ‘பட்டைதானே போயிற்று, கட்டை உறுதியாக இருக்கிறதே’ என்று எண்ணி, மரத்துக்குச் சேதமில்லை என அறிக்கை எழுதினேன்.

உடன் வந்திருந்த வயது முதிர்ந்த பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர், “ஐயா, இலை பச்சையாக இருக்கிறதென்று பார்க்காதீர்கள். வேர் பட்டினி கிடக்கிறது. இந்த மரம் நிற்காது” என்றார். பட்டம் பெற்றவன் என்ற எண்ணத்தில் நான் அவர் சொல்லைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த தை, மாசியில் அம்மரம் முன்னிலும் மிகுதியாகக் காய்த்தது. என் அறிக்கை சரியென்றே நினைத்துக்கொண்டேன். சித்திரை வந்ததும் உச்சிக் கொப்புகள் காயத் தொடங்கின. அதற்கடுத்த கோடைக்குள் மரம் முழுவதும் பட்டுப்போயிற்று. ஆண்டுதோறும் புளி ஏலத்தில் பஞ்சாயத்துக்கு வருமானம் ஈட்டித் தந்த மரம் விறகு விலைக்குப் போயிற்று. பெரியவர் சொன்னது எவ்வாறு பலித்தது என்பதை அதன் பின்னரே நான் படித்தறிந்தேன். முன்பே அறிந்திருந்தால், காலத்தில் ஏதேனும் முயன்றிருக்கலாம். அந்தப் பாடத்தையே இங்குக் கூறுகிறேன்.

ஏறும் வழியும் இறங்கும் வழியும்

மரத்துக்குள் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வேர் உறிஞ்சும் நீரும் அதில் கரைந்த உப்புச் சத்துகளும் மேலே ஏறும் வழி. இது கட்டைப் பகுதியில் அமைந்தது. பாடநூல்கள் இதனைச் சைலம் என்று கூறும். இதிலுள்ள குழாய்கள் உயிரற்ற வெறும் கூடுகள். இலைகளில் நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருந்து நீர் இழுக்கப்படுகிறது.

இரண்டாவது, இலையில் ஆக்கிய உணவு மற்ற உறுப்புகளுக்குச் செல்லும் வழி. இது கட்டைக்கு வெளியே, உட்பட்டையில் மெல்லிய அடுக்காக அமைந்தது. இதற்குப் புளோயம் என்று பெயர். இதன் குழாய்கள் உயிருள்ளவை. குறுக்குச் சுவர்களில் சல்லடைபோல் துளைகள் இருப்பதால் இவற்றைச் சல்லடைக் குழாய்கள் என்பர். ஒவ்வொரு சல்லடைக் குழாய் உயிரணுவை ஒட்டியும் ஒரு துணை உயிரணு இருந்து அதனைப் பேணி வருகிறது.

17ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் மால்பிகி, மரக்கிளைகளில் வளையமாகப் பட்டையை உரித்துச் சோதனை செய்தார். வெட்டுக்கு மேலேயுள்ள பகுதி சில வாரங்களில் வீங்கிப் பருத்தது, கீழ்ப்பகுதி பருக்கவில்லை. இலையிலிருந்து இறங்கி வரும் உணவு வெட்டில் தடைப்பட்டுத் தேங்குகிறது என்பது இதனால் விளங்கியது. சல்லடைக் குழாய்களை 1837ஆம் ஆண்டில் ஜெர்மானிய வன அறிஞர் ஹார்ட்டிக் கண்டறிந்தார்.

இப்பொழுது நம் புளிய மரத்தை நினைத்துப் பாருங்கள். பட்டை போயிற்று, கட்டை நின்றது. ஆகவே நீர் ஏறும் வழி கெடவில்லை. இலைகளுக்கு நீர் கிடைத்ததால் அவை பசுமையாகவே இருந்தன. உணவு இறங்கும் வழி மட்டும் அறுபட்டது. வேருக்குப் போகவேண்டிய சர்க்கரை மேலேயே தங்கியதால் அவ்வாண்டுக் காய்ப்பும் கூடியது. வேர் தன்னிடம் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைத் தின்று காலம் தள்ளிற்று. அது தீர்ந்ததும் வேர்கள் மடிந்தன. வேர் மடிந்த பின் நீரும் ஏறவில்லை, மரமும் பட்டது. நான் நலத்தின் அடையாளமாக எண்ணிய மிகுந்த காய்ப்பே நோயின் அடையாளமாக இருந்தது.

ஓட்டுவது எது?

இலை, சூரிய ஒளியின் துணையால், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. பெரும்பாலான பயிர்களில் இச்சர்க்கரை சுக்ரோஸ் என்ற வடிவில் பயணம் செய்கிறது. நாம் கடையில் வாங்கும் சீனியும் இதுவே. பகலில் அனுப்பியது போக மிஞ்சியதை இலை மாவாக மாற்றி வைத்து, இரவில் மீண்டும் சர்க்கரையாக்கி அனுப்புகிறது. ஆகவே இந்த வாய்க்காலுக்கு இரவு விடுமுறை கிடையாது.

இதனை ஓட்டும் விசை யாது? ஜெர்மானிய அறிஞர் மூன்க் 1930ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் கூறினார். அதனை நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊறி உப்புகிறது. உள்ளே சர்க்கரை செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் தோலின் வழியே உட்புகுகிறது. அதுபோலவே, இலை நரம்புகளிலுள்ள சல்லடைக் குழாய்களில் சர்க்கரை ஏற்றப்பட்டதும், அருகிலுள்ள கட்டைக் குழாய்களிலிருந்து நீர் அவற்றுள் புகுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மறுமுனையில், வேரோ கனியோ கிழங்கோ சர்க்கரையை எடுத்துக்கொள்ள, நீரும் வெளியேறுகிறது. அங்கு அழுத்தம் தணிகிறது. ஒரு முனையில் அழுத்தம் மிகுதி, மறுமுனையில் குறைவு. இடையில் சர்க்கரை நீர் ஓடுகிறது. ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தும் வயலில் தாழ்ந்தும் இருப்பதால் வாய்க்கால் ஓடுவதைப் போன்றதே இது. ஒரே வேறுபாடு, இங்கு மேடு பள்ளம் என்பது நிலத்தின் மட்டமன்று, சர்க்கரையின் செறிவேயாகும். ஆகவே இது கீழ்நோக்கி மட்டும் ஓடுவதில்லை. உச்சியிலுள்ள பிஞ்சுக்கு மேல்நோக்கியும் ஓடும்.

பல பயிர்களில் இவ்வழுத்தம் மோட்டார் கார்ச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் நான்கைந்து மடங்கு. ஓட்டத்தின் வேகம் பொதுவாக மணிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை, அதாவது ஒரு முழம் முதல் இரண்டு முழம் வரை. நீண்ட கொடிகளிலும் உயர்ந்த மரங்களிலும் இவ்வழுத்தம் போதுமா என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் ஐயுற்றனர். சர்க்கரைவள்ளியின் இனத்தைச் சேர்ந்த கொடி ஒன்றில் அழுத்தத்தை நேரில் அளந்து 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, மூன்க் கூறியதற்கு வலுவான சான்றாயிற்று.

பனையேறியும் அசுவினியும்

இந்தச் சர்க்கரை நீரைக் கண்ணால் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பனங்காட்டுக்குச் சென்றால் போதும். பாளையைப் பக்குவமாக இடுக்கி நசுக்கி, நுனியைச் சீவிவிட்டுக் கலயம் கட்டுகிறார் பனையேறி. சொட்டுச் சொட்டாக இறங்கும் பதநீர், மரம் தன் பூவுக்கும் காய்க்கும் அனுப்பிய சர்க்கரை நீரேயாகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் அதில் சர்க்கரை இருக்கும். நாள்தோறும் பாளையை மீண்டும் சீவுவது ஏன்? சல்லடைக் குழாயில் காயம் பட்டால், உணவு வீணாகாமல் இருக்க மரம் அதன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை நீக்கவே புதிதாகச் சீவுகிறார். அறிவியல் நூல் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே பனையேறிகள் கைப்பழக்கத்தால் கண்டறிந்த உண்மை இது.

பயிரில் கூட்டம் கூட்டமாக மொய்க்கும் அசுவினிப் பூச்சியும் இதே வாய்க்காலில்தான் வாய் வைக்கிறது. ஊசிபோன்ற அலகை ஒரே ஒரு சல்லடைக் குழாயில் செலுத்துகிறது. உள்ளிருக்கும் அழுத்தமே சாற்றை அதன் வயிற்றுக்குள் தள்ளுகிறது. 1953ஆம் ஆண்டில் கென்னடி, மிட்லர் என்ற அறிஞர் இருவர், சாறு குடித்துக்கொண்டிருந்த அசுவினியின் உடலை வெட்டி நீக்கிவிட்டு, செடியில் பதிந்து நின்ற அலகின் வழியே சாறு தொடர்ந்து கசிவதைச் சேகரித்தனர். அசுவினி செரிக்கமாட்டாத மிகைச் சர்க்கரையைத் தேன்போல் வெளியேற்றுகிறது. இலை பிசுபிசுப்பதும், எறும்பு ஏறுவதும், பின்னர்க் கரும்பூசணம் படர்வதும் இதனால்தான். எறும்பு ஏறும் செடியைக் கண்டால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்.

நெற்பயிரில் புகையானும் அடித்தூரில் அமர்ந்து இச்சாற்றையே உறிஞ்சுகிறது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்ட வயலில் அது பெருகும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவதும், நீரை அவ்வப்போது வடிப்பதும் அதனை அடக்கும் முறைகளாம். கத்தரியில் காணும் சிற்றிலை நோயின் கிருமிகள் சல்லடைக் குழாய்களுக்குள்ளேயே குடியிருப்பவை. தத்துப்பூச்சிகள் அவற்றைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. அத்தகைய செடியைப் பிடுங்கி அழிப்பதே நன்று.

வழங்கும் இடமும் வாங்கும் இடமும்

விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. செடியில் முற்றிய பசும் இலைகள் சர்க்கரையை வழங்கும் இடங்கள். வேர், குருத்து, பூ, காய், கிழங்கு ஆகியவை வாங்கும் இடங்கள். வழங்குவது குறைந்தாலும், வாங்குவோர் அளவின்றிப் பெருகினாலும், நாம் விரும்பும் மகசூல் குறையும். நம் முன்னோர் கைக்கொண்ட பல வேளாண் முறைகள் இக்கணக்கைச் சீர் செய்வனவே.

நெல்லில், மணிக்குள் சேரும் மாவில் ஒரு பகுதி, பூக்குமுன் தண்டிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்தது. பெரும்பகுதியோ பூத்தபின் கண்ணாடி இலையும் அதற்கு அடுத்த இலைகளும் ஆக்கித் தருவது. பூத்ததிலிருந்து முற்றுவதற்குச் சுமார் 30 நாட்கள். இந்த 30 நாட்களில் கண்ணாடி இலையை இலைச்சுருட்டுப் புழுவுக்கு இரை கொடுத்தாலும், வயலைக் காயவிட்டாலும் பதர் மிகும். அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன் நீரை வடித்தால் போதும். அதற்கு முன் அவசரம் வேண்டா.

கரும்பில் வாங்கும் இடம் தண்டேயாகும். அடிக்கணுக்கள் முதலில் முற்றி, சர்க்கரையை நிரப்பிக்கொள்கின்றன. நுனி சப்பென்றும் அடி இனிப்பாகவும் இருப்பதைச் சிறுவரும் அறிவர். ஆகவே நிலத்தோடு ஒட்டி வெட்டுதல் வேண்டும். அடியில் விடும் ஒவ்வொரு விரற்கடையும் மிக இனிய பகுதியின் நஷ்டம். வெட்டியபின் தண்டிலுள்ள சர்க்கரை நேரம் செல்லச் செல்லப் படிகமாகாத சர்க்கரையாகச் சிதையும் என்பதால், ஒருநாளுக்குள் ஆலைக்குக் கொண்டு செல்வது நலம். சோகை உரிக்கும்போது காய்ந்த இலைகளையே உரிக்க வேண்டும். பச்சை இலையை உரிப்பது சமைப்பவர் கையைக் கட்டுவதற்கு ஒப்பாகும். வளர்ச்சியின் பிற்பகுதியில் தழைச்சத்து மிகுந்தால் புதுத் துளிர்கள் கிளம்பிச் சர்க்கரையைப் பங்கு கேட்கும்.

சர்க்கரைவள்ளிக் கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிடுவது, கணுதோறும் வேர்விட்டுச் சிறு கிழங்குகள் தோன்றி உணவைச் சிதறடிக்காமல் இருக்கவே. வாழையில் பக்கக் கன்றுகளை நீக்குவதும், கடைசிச் சீப்பு விரிந்தபின் பூவை ஒடிப்பதும் இக்கருத்துப் பற்றியே. தென்னையில் பச்சை மட்டையை வெட்டுவோர், குலைக்குப் போகும் உணவை வெட்டுகிறார்கள். மேலும், இலையிலிருந்து சர்க்கரையை ஏற்றி அனுப்பும் வேலைக்குச் சாம்பல் சத்து இன்றியமையாதது. தழையுரம் மட்டும் இட்டுச் சாம்பல் சத்தைப் புறக்கணித்தால், இலை செழித்தும் மணி சிறுத்தும் போவது கண்கூடு. மண் பரிசோதனை செய்து இடுக.

களைக்கும் இதே விதி. கோரையின் மேற்பகுதியை ஒருமுறை கொத்தினால் மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்கு தன் சேமிப்பைக் கொண்டு மீண்டும் துளிர்க்கும். இலை விரிந்து கிழங்குக்குத் திருப்பி அனுப்புமுன் மறுபடி மறுபடி கொத்தினால்தான் சேமிப்புத் தீரும்.

செய்து பாருங்கள்

நம் பள்ளி மாணாக்கரும் எளிதில் செய்யத்தக்க சோதனை ஒன்று. செம்பருத்தியிலோ கொய்யாவிலோ, பென்சில் பருமனுள்ள ஒரு சிறு கிளையில் மட்டும், அரை அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுங்கள். சில வாரங்களில் வெட்டுக்கு மேல்விளிம்பு தடிப்பதைக் காணலாம். அவ்விடத்தில் ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்துப் பாலிதீன் தாளால் இறுகக் கட்டினால், தேங்கிய உணவைக் கொண்டு அங்கேயே வேர்கள் விடும். இதுவே விண்பதியம். ஒரு கிளைக்குச் செய்தால் புதுச் செடி கிடைக்கும். அடிமரத்துக்குச் செய்தால் மரமே போகும்.

பனை, தென்னை, கரும்பு, வாழை, நெல் ஆகியவற்றில் இக்குழாய்கள் வெளிப்புற வளையமாக அமையாமல் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின் மேற்புறக் காயத்தால் அவற்றின் உணவு வழி முழுதும் அறுபடுவதில்லை. ஆயினும் தென்னையில் ஏறுவதற்குப் படி வெட்டுவது தகாது. காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு புகும்.

பஞ்சாயத்தின் கடமை

புளி, வேம்பு, புங்கம், ஆல், அரசு, மா ஆகிய மரங்களுக்கெல்லாம் வாழ்வு ஒரு விரற்கடைக்கும் குறைந்த உட்பட்டையில் இருக்கிறது. கோடரி எடுத்து வெட்டினால் ஊரறியும், வழக்கு வரும். பட்டையை உரித்தால் மரம் ஓராண்டு ஈராண்டு கழித்துத் தானாகச் செத்ததுபோல் தோன்றும். இத்தந்திரத்தைச் சிலர் அறிந்தே செய்கின்றனர். மற்றும் பலர் அறியாமலே மரத்தைக் கொல்கின்றனர். அடிமரத்தில் குப்பையைக் குவித்து எரிக்கும்போது, அவ்வெப்பம் பட்டைக்குள்ளிருக்கும் உயிருள்ள அடுக்கைக் கருக்குகிறது. விளம்பரப் பலகைக்குக் கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்க உட்பட்டையை இறுக்கி அறுக்கிறது. புதிதாக நட்ட கன்றைத் தாங்கும் கயிறும் அவ்வாறே. ஆடுகள் இளங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால், கூலி கொடுத்து நட்டதும் நீர் ஊற்றியதும் வீணாகும்.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை சாலையோர மரங்களைச் சுற்றிப் பார்த்து, இலையை மட்டும் பாராமல் அடிமரத்தின் பட்டையையும் தடவிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுக. கம்பி, கயிறு, ஆணி இருந்தால் நீக்குக. மரத்தடியில் தீ மூட்டுவதைத் தடுக்க, குப்பை சேர்க்கும் இடத்தை வேறாக ஒதுக்குக. கன்றுகளுக்குக் கூண்டு இடுவதோடு, அவை பருக்குந்தோறும் கட்டைத் தளர்த்துக. வளையம் முழுமையாகாமல் ஒருபுறம் பட்டை எஞ்சியிருக்குமாயின், அம்மரம் பெரும்பாலும் பிழைக்கும். காயத்தை மேலும் பெருகவிடாமல் காத்தால் போதும். சுற்றிலும் உரித்திருந்தால், தாமதியாமல் தோட்டக்கலை அலுவலரை அழையுங்கள். அதே மரத்தின் இளங்குச்சிகளைக் காயத்தின் மேலும் கீழும் பட்டைக்குள் செருகி, பாலம்போல் ஒட்டுக் கட்டும் முறை ஒன்றுண்டு. வேர் பட்டினியால் மடிவதற்கு முன் கைதேர்ந்தவர் செய்தால் சில மரங்களை அதனால் காக்கலாம்.

புளிய மரம் பட்டுப்போன பிறகு அப்பெரியவரைச் சந்தித்து, “உங்கள் சொல்லைக் கேட்காதது என் தவறு” என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. “போன மரம் போகட்டும் ஐயா. அடுத்த மரத்தைப் பாருங்கள்” என்று கூறி, சாலையின் மறுபுறம் அழைத்துச் சென்றார். அங்கு ஒரு வேம்பின் அடியில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. இருவருமாகச் சேர்ந்து அதனை அணைத்தோம். அந்த வேம்பு இன்றும் நிற்கிறது.